நோவும் சொல்லும்

உடலிலே தோன்றும் துன்பங்களுட் பல, பிறர் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவன. காய்ச்சலைத் தொட்டறியலாம், புண்ணைக் கண்டறியலாம், முறிந்த என்பைப் படம் பிடித்துக் காட்டலாம். நோவு மட்டும் அத்தகையதன்று. அதனை உடையவர் ஒருவரே அதனை நேரே அறிவர். ஏனையோர் அவர் சொல்வதைக் கேட்டே அறிதல் வேண்டும். சொல் நம்பப்படாதவிடத்து நோவும் இல்லாத ஒன்றாகவே கொள்ளப்படுகின்றது. முக நரம்பு வழியாக வரும் கொடிய நோவு ஒன்று இவ்வுண்மையை மிகக் கடுமையாக உணர்த்துவதாகும். அந்நோய் உடையவரின் முகத்திலே வீக்கமில்லை, சிவப்பில்லை, காயமில்லை. அவர் நலமாகவே தோன்றுவார். ஆயினும் அடுத்த நொடியில் என்ன நேருமோ என்ற அச்சத்திலேயே அவர் நாள்கள் கழிகின்றன.

கண்ணுக்குத் தெரியாத நோவைச் சொல்லாலே காட்ட முயலுதல் தமிழுக்குப் புதிதன்று. சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர், வைத்தியங்கள் பயன் தராத நிலையில் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகை சென்றமையைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. அங்கு அவர் பாடிய முதற்பதிகம், வயிற்றினுள்ளே நிகழ்வதை வெளியிலுள்ளார் உணருமாறு சொல்ல முயன்ற ஒருவரின் குரலாகவும் அமைந்துள்ளது. நோயுற்றவன் தன் நோவைத் தன் சொல்லாலே சொல்லும்போது அது முறையீடாவதோடு சான்றுமாகின்றது என்பதற்கு அப்பதிகம் ஒரு நல்ல முன்மாதிரியாகும். சொல் அவ்வாறு சான்றாதற்குக் கேட்போரும் வேண்டும் என்பதைத் திருகோணமலை ஆசிரியை ஒருவர் நோய்க்குப் பெயர் தேடி அலைந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

திருகோணமலை நகரம் கடலால் வளைக்கப்பட்டது. ஒரு புறம் கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலையும் பிரட்றிக் கோட்டையும் திறந்த கடலை நோக்கி நிற்கின்றன. மறுபுறம் உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழ்பெற்ற உட்துறைமுகம் அமைதியாகக் கிடக்கின்றது. இரு நீர்ப்பரப்புகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே நகரம் அமைந்தமையால், காற்றுக்குத் தப்பிய தெரு அங்கு அரிது. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கச்சான் வெம்மையோடு வீசும். மார்கழி, தை மாதங்களில் வாடை உப்பையும் ஈரத்தையும் சுமந்து வந்து முகத்திலே மோதும். ஏனையோர்க்கு இக்காற்று பருவத்தின் அடையாளம் மாத்திரமே. உட்துறைமுக வீதியை அண்டி வாழ்ந்த அவ்வாசிரியைக்கோ அது பகையாயிற்று.

ஐம்பது வயதைக் கடந்த அவர், முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்தவர். ஒரு வாடைக்காலத்து விடியற்காலையில் கிணற்றடியில் முகம் கழுவும்போது, வலது மூக்கோரத்திலிருந்து மேற்கன்னம் வழியாகக் காதை நோக்கி மின்னல் போன்ற ஒன்று ஓடிற்று. கையிலிருந்த வாளி நழுவி விழுந்தது. என்ன நிகழ்ந்ததென்று அவர் உணருமுன்னரே அது மறைந்துவிட்டது. அன்று மீண்டும் வரவில்லை. நான்கு நாள்களின் பின் பல் துலக்கும்போது வந்தது. பின்னர் பாணைக் கடிக்கும்போது வந்தது. சில வாரங்களில் நாளொன்றுக்குப் பத்து முறையாகியது. பின் எண்ணிக்கை இகந்தது. அதன் பின்னர் இரண்டு மாதங்கள் ஒன்றுமில்லை. தீர்ந்தது என்று கோயிலிலே அருச்சனையும் செய்வித்தார். தீரவில்லை.

நோவு மேற்றாடையில் ஓடியமையால் பல்லே காரணம் என்று எவரும் கருதுவர். பல் வைத்தியர் ஒருவர் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார். நோவு நின்றபாடில்லை. மூன்று மாதங்களின் பின் அடுத்த பல்லும் போயிற்று. நல்ல பற்களை இழந்த பின்னரும் நோவை இழவாதோர் இந்நோயின் வரலாற்றில் எல்லா நாடுகளிலும் உளர். அடுத்து, மூக்கின் பக்க அறைகளில் நீர் கோத்துள்ளது என்று கூறி மருந்து கொடுக்கப்பட்டது. உறவினர் காட்டிய பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து வாதம் என்றார். தலைக்கு எண்ணெயும் கன்னத்துக்குப் பற்றும் தந்தார். பரிவோடு தந்த அப்பற்றைக் கன்னத்தில் தடவுதலே நோவை எழுப்பிற்று என்பதை அவரிடம் சொல்ல ஆசிரியைக்கு மனம் வரவில்லை. நாவூறு கழிக்கப்பட்டது, நூல் கட்டப்பட்டது. ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஒன்றைக் கண்டனர். அவர் சொல்லியதை முழுவதும் கேட்டவர் எவருமிலர்.

கேளாமைக்கு நோயே ஒரு காரணமுமாயிற்று. இந்நோவு உண்ணும்போதும் முகம் கழுவும்போதும் வருவதோடு, பேசும்போதும் வருவது. உதடு அசைதலே போதும். வகுப்பிலே செய்யுளை உரக்க வாசிக்கும்போது பாதி அடியில் அவர் நின்றுவிடுவார். வலக்கை கன்னத்தின் அருகே சென்று, தொடவும் அஞ்சி, காற்றிலே நிற்கும். மாணவர் முதலில் சிரித்தனர், பின் அஞ்சினர். வாசிக்கும் பணியை மாணவரிடமே விட்டார். விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதினார். ஈற்றில் காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்றார். வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. எதையும் சொல்லாதிருப்பவரைச் செருக்குடையவர் என்றனர் சிலர். மனநோய் என்றனர் வேறு சிலர். தன் துன்பத்தைச் சொல்லாலன்றி நிறுவ இயலாத ஒருவரிடமிருந்து அச்சொல்லையே அந்நோய் பறித்துக்கொண்டது. இந்நோயின் கொடுமை நோவளவில் நிற்பதன்று என்பது இதனாற் புலனாகும்.

இந்நிலையில் மருமகன் ஒருவர் துணைவர, இரவுப் புகையிரதத்தில் அவர் கொழும்புக்குச் சென்றார். தலைநகர் 250 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. காத்திருப்பு ஐந்து மணி நேரம். சந்திப்பு ஐந்து நிமிடம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. ஆசிரியைக்குச் சிங்களம் போதாது. “சுள்ளெண்டு வெட்டும், எண்ணி ஏழு சொல்லி முடிக்க முன்னம் விட்டிடும்” என்றார் அவர். மருமகன் அதனை, “ஒரு வருடத்துக்கு மேலாகக் கன்னமும் பல்லும் நோகின்றன” என்று மொழிபெயர்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. அன்போடும் அவசரத்தோடும் சுருக்கினார். ஆயினும் அச்சுருக்கத்தில் ஏழு நொடி ஓராண்டாக நீண்டது. வெட்டு வெறும் நோவாகியது. வைத்தியர் தமக்குச் சொல்லப்பட்ட நோய்க்கு ஏற்ற குளிசைகளையே எழுதினார். மனத்தைத் தளரவிட வேண்டாம் என்றும் அறிவுரை கூறினார்.

ஊர் திரும்பிய பின்னர் ஆசிரியை ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்தார். பேச இயலாததை எழுதலாயினார். “காலை ஆறு மணி. முகம் கழுவினேன். மூக்கோரம் சுள். எண்ணி ஏழு. பிறகு ஒன்றுமில்லை.” “கடற்கரை வீதி. காற்று. எண்ணி நான்கு.” “இரவு நித்திரையில் வரவில்லை.” “இடப்புறம் ஒருநாளும் இல்லை.” முப்பது ஆண்டு பிறர் கட்டுரைகளைத் திருத்திய கை, தன் நோவை மிகையின்றிப் பதிந்தது. சில மாதங்களின் பின், நரம்பியல் பயின்ற இளம் தமிழ் வைத்தியர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவர் வாய் திறக்க முயன்று கன்னத்தை நோக்கிக் கையை உயர்த்தியதைக் கண்டதும் வைத்தியர், “அம்மா கதைக்க வேண்டாம், கொப்பியைத் தாங்கோ” என்றார். பத்துப் பக்கங்களை அமைதியாக வாசித்தார். ஆறு ஆண்டுகளாகத் தேடப்பட்ட பெயர் அரைமணி நேரத்தில் கிடைத்தது. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பில் எழும் நோவு அது.

அவ்வாசிரியையின் சொற்களில் நோயறிதற்கு வேண்டிய யாவும் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழில் நோவைக் குறிக்கும் சொற்கள் பல. உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, குடைச்சல் என்பன ஒன்றற்கொன்று மாற்றாக வருவன அல்ல. இவற்றோடு சேரும் குறிப்புச் சொற்களோ காலத்தையும் அளந்து காட்டுவன. ‘விண்விண்’ என்று இரட்டித்து வருவது விட்டுவிட்டுத் தெறித்துத் தொடர்வதைக் காட்டும். ‘சுள்’ என்று ஒற்றையாய் வருவது தோன்றிய கணத்திலேயே மறைவதைக் காட்டும். பல்லின் வேரிற் சீழ் கட்டியவர் விண்விண் என்று தெறிக்கிறது என்பார். இந்நரம்பு நோயுற்றவர் சுள்ளென்று வெட்டியது என்பார். பல் நோவுக்கும் நரம்பு நோவுக்கும் வைத்திய நூல்கள் வகுக்கும் வேறுபாட்டின் பெரும்பகுதி இவ்விரு ஒலிகளுள் அடங்கியுள்ளது. மொழிபெயர்ப்பிலே முதலில் உதிர்வனவும் இத்தகைய சொற்களே.

இந்நோய் முதன்முதலாகத் தெளிவாக வரையறுக்கப்பட்டதும் இவ்வாறு கேட்டறிந்தமையாலேயே ஆகும். பிரான்சிய சத்திரவைத்தியர் நிக்கலா ஆன்ட்ரே 1756 இல், நோவோடு கூடிய முகச்சுளிப்பு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். இலண்டனில் வாழ்ந்த ஜோன் பொதர்கில் 1773 இல் அதனை விரிவாக விளக்கினார். திடீரெனத் தோன்றுதல், கால் அல்லது அரை நிமிடமே நீடித்தல், உண்ணுதலாலும் பேசுதலாலும் மெல்லத் தொடுதலாலும் எழுதல் ஆகியவற்றை அவர் குறித்துள்ளார். அவரிடம் கதிர்ப்படம் இல்லை. நோயாளரின் வாய்மொழியே இருந்தது. இன்றைய நூல்களும் அவர் கூறியவற்றோடு பெரிதும் ஒத்தே செல்கின்றன.

பெயர் தவறினால் விளைவதையும் அவ்வரலாறு காட்டுகின்றது. முகத்தை அசைப்பது ஒரு நரம்பு. முகத்தில் உணர்ச்சி தருவது வேறொரு நரம்பு. சார்ள்ஸ் பெல் 1820களில் இவ்விரண்டின் தொழிலையும் பிரித்துக் காட்டுமுன்னர், சத்திரவைத்தியர் சிலர் நோவைத் தீர்க்கக் கருதி அசைக்கும் நரம்பையே வெட்டினர். முகம் ஒருபுறம் செயலிழந்து தொங்கிற்று. நோவு அவ்வாறே இருந்தது.

நோவுக்கு மூலம் யாது என்ற வினா பின்னரே எழுந்தது. அமெரிக்கரான வால்டர் டான்டி, மூளைத்தண்டை அந்நரம்பு அடையுமிடத்தில் குருதிக்குழாய் ஒன்று அதனை அழுத்துவதைப் பலரிடம் கண்டு 1934 இல் வெளியிட்டார். பீற்றர் ஜனெற்றா 1960களில் நுணுக்குக்காட்டியின் துணையோடு அக்குழாயை நரம்பினின்று விலக்கும் சத்திரசிகிச்சையை உருவாக்கினார். துறைக்கல்லிலே இடையறாது உராயும் கப்பற்கயிற்றின் மேற்புரி தேய்வது போல, துடிக்கும் குழாயினால் நரம்பின் மேலுறை தேய்கின்றது. உறையிழந்த இழைகளிடையே தொடுகை உணர்ச்சி நோவுணர்ச்சியாகப் பாய்கின்றது. மெல்லிய காற்றும் வெட்டாக உணரப்படுவதன் காரணம் இதுவே. கட்டியாலோ, நரம்புறையைச் சிதைக்கும் பிற நோயாலோ இது நேர்தலும் உண்டு.

ஆசிரியைக்கு எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படத்தில் இவற்றுள் ஒன்றும் காணப்படவில்லை. கட்டியில்லை, அழுத்தும் குழாயுமில்லை. படம் வெறுமையானது என்பதால் நோவு பொய்யாகாது. 2018 இல் வெளிவந்த அனைத்துலகத் தலைநோவு வகைப்பாடு இந்நோயை மூன்றாகப் பகுக்கின்றது. குழாய் அழுத்தத்தால் வருவது, வேறு நோயால் வருவது, காரணம் புலப்படாதது என்பன அவை. மூன்றாவதும் ஏனையவற்றோடு ஒப்பவே உண்மையான நோய் என்பதை அவ்வகைப்பாடு ஏற்றுக்கொள்கின்றது. மறுபுறம், குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தும் நோவே அறியாதாரும் உளர். ஆதலின் படம் துணைச் சான்றே. முதற்சான்று நோயாளியின் கூற்றே.

பெயர் கிடைத்ததோடு மருந்தும் கிடைத்தது. 1953 இல் சுவிற்சர்லாந்தில் ஆக்கப்பட்ட கார்பமாசெப்பின் என்னும் மருந்து இந்நோவுக்குப் பயன்படுவதை சுவீடன் நாட்டவரான புளொம் 1962 இல் அறிவித்தார். இன்றும் முதலில் வழங்கப்படுவது அதுவே. ஆயினும் அது வலிப்பு நோய்க்கும் வழங்கப்படும் மருந்து. நரம்பின் கட்டற்ற பாய்ச்சலை அடக்கும் அதன் ஆற்றலே இரண்டிலும் பயன்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சிய வைத்தியர் துரூசோ இந்நோவை வலிப்போடு ஒப்பிட்டிருந்தார். அறிவியலில் பொருத்தமான அவ்வுறவு, தெருவிலே வேறு விளைவைத் தந்தது. ஈழத்துப் பேச்சில் நோவை ‘நோ’ என்பதே பெருவழக்கு. முதியோர் சிலர் வாயில் ‘வலி’ என்பது கைகால் இழுக்கும் வலிப்பையே குறிக்கும். மருந்துக்கடையிலே கேள்வியுற்ற செய்தி, “ரீச்சருக்கு வலியாம்” என்று அயலெங்கும் பரவியது. மகளுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆசிரியை குளிசையை நிறுத்தினார். ஒரு கிழமைக்குள் நோவு முன்னிலும் கடுமையாகத் திரும்பியது.

அவரை மீட்டது மகளின் துணிவே. வைத்தியரிடம் தானே சென்று விளக்கம் கேட்டுவந்து, பெண் கேட்டு வந்தவர்களிடம் தாயின் நோயை மறையாது அவள் உரைத்தாள். இந்தித் திரைப்பட நடிகர் சல்மான் கான் தமக்கு இதே நோய் இருந்ததைப் பொதுமேடையில் கூறியமையும், அதற்காக அவர் 2011 இல் அமெரிக்காவில் சத்திரசிகிச்சை பெற்றமையும் அயலாருக்குப் பின்னர் தெரியவந்தன. ஆறு ஆண்டுகள் ஒரு பெண் சொல்லியும் நம்பப்படாதது, ஒரு நடிகர் சொல்லியதும் நம்பப்பட்டது. இது மகிழத்தக்கதோ வருந்தத்தக்கதோ எனத் துணிதல் எளிதன்று.

மருந்து நோவை அறவே நீக்கவில்லை, தாங்கத்தக்கதாக்கியது. தலைச்சுற்றும் உறக்கமும் உடன்வந்தன. குருதியில் உப்பின் அளவு குறையாதவாறு காலந்தோறும் சோதிக்கவேண்டியிருந்தது. இத்தகைய மருந்தைத் தொடங்குவோர் தோலிலே தடிப்புத் தோன்றின் உடனே வைத்தியரை நாடவேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது. இளஞ்சூட்டு நீரில் முகம் துடைத்தல், இடப்புறத்தால் மெல்லுதல், வாடைக்காலத்தில் சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடிச் செல்லுதல் என அவர் தம் நாள்களை மீள அமைத்துக்கொண்டார். நோவற்ற மாதங்களில் அயற்பிள்ளைகளுக்குச் செய்யுள் வாசித்துக் காட்டினார். நோவு திரும்பிய மாதங்களில் அவர்களே வாசிக்க அவர் கேட்டிருந்தார். மகள் அறையினுள் நுழையும் முன்னரே அவர் முகத்தைப் பார்த்து, விடை வேண்டும் வினாவைக் கேட்பதா தவிர்ப்பதா என்று அறியப் பழகிவிட்டாள். நோயைத் தீர்க்காத பெயரும் இத்துணையைச் செய்தது. அதன் பின்னர் அவரை எவரும் பொய்யர் என்று எண்ணவில்லை; அவரும் தம்மை ஐயுறவில்லை.

இவ்வரலாறு தமிழ் பயில்வோரிடம் ஒரு கடமையையும் வைக்கின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ப் பெயர்களைத் திரட்டி நூல்களாக்கினார். வைத்தியர் வழங்குதற்குரிய சொற்களுக்கு அவ்வாறு ஒரு மரபு தோன்றியது. நோயாளர் வழங்கும் சொற்களைத் திரட்டுவதும் அதற்கு நிகரான பணியாகும். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் றொனால்ட் மெல்சாக், நோவைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து 1975 இல் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். நோயாளர் தெரிவுசெய்யும் சொற்களே அங்கு அளவுகோல். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. ஆயினும் பெயர்ப்பினால் மட்டும் திருகோணமலைக் கிணற்றடியிலும் மூதூர்ப் படகுத்துறையிலும் வழங்கும் சொற்கள் கிடைத்துவிடா. அவற்றை அவ்வூர்களிலேயே கேட்டுத் தொகுத்தல் வேண்டும். சுள், விண், குடைச்சல், உளைவு என்பன எவ்வூரில், எவ்வுறுப்புக்கு, எத்துணை நேர நோவுக்கு வழங்கும் என்பதைப் பதிதல் மொழியாராய்ச்சியாகவும் வைத்தியத்துக்குச் செய்யும் துணையாகவும் அமையும். வேற்றுமொழி வைத்தியர் முன் நிற்கும் நோயாளிக்கு அத்தகைய சொற்றொகுதி ஒன்று எத்துணை உதவும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நோவு பற்றி ஆராயும் அனைத்துலகக் கழகம் 2020 இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோவுண்டு என்று சொல்வதை மதித்தல் வேண்டும் என்பதையும் குறிப்பிலே சேர்த்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறாக்கும்போது நோயாளியையே முதலில் வைக்கின்றது. அவ்வரிசைக்குப் பிறர் வேறு விளக்கம் தரலாம். கண்டறியும் கருவிகள் பெருகிய இக்காலத்திலும், படத்திலே தோன்றாத நோவை உடையவர் தம் சொல்லைத் தவிர வேறு சான்று காட்ட இயலாதவராகவே நிற்கின்றார். அவர் சொல்லைச் சுருக்காது கேட்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிறிது நேரமும், அவர் மொழியை அறிந்த ஒருவரும் போதும்.